சுக்கான் தரைக் கிணறு

பரங்கிமலை அடிவாரத்தில் மழை பெய்தால் அதன் சத்தமே வேறு. வயல்காட்டு மழை மெத்தென்று மண்ணுக்குள் இறங்கும். அங்கே அப்படி இல்லை. வறுத்த கடலையைத் தகரத்தில் கொட்டினாற்போல் சடசடவென்று அடிக்கும். தரை முழுக்கக் கல். பெரிய கல்லும் இல்லை, மணலும் இல்லை. கொட்டைப்பாக்கு அளவில், இஞ்சித் துண்டு மாதிரி முண்டும் முடிச்சுமாய், வெளுத்துப்போன கல். சுக்கான் கல் என்பார்கள். பூமிக்குள் இருக்கிற சுண்ணாம்பு தானாகத் திரண்டு கல்லாகி மேலே வந்து கிடக்கிறது, அவ்வளவுதான். மழை நின்று ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் தரை உலர்ந்துவிடும். வெயில் காலத்தில் நடுப்பகலில் வெளியே வந்தால் கண் கூசும், அத்தனை வெள்ளை.

அந்தத் தரையில் என்ன முளைக்கும் என்று கேட்கிறீர்களா கண்ணுகளா? குட்டையாய்ப் புல். உடைமுள். ஆவாரை. வேம்பு. வேலிக்கு மருதாணி வைத்தால் அது செழித்து வரும். மற்றபடி ஆசையாய் எதை நட்டாலும், வேர் முழங்கால் ஆழம்கூடப் போகாது. அதற்குக் கீழே சுண்ணாம்பெல்லாம் இறங்கி இறுகி வெள்ளைப் பலகை போல் படுத்திருக்கும். கடப்பாரையால் குத்தினால் ணங்கென்று திருப்பி அடிக்கும்.

ஆடுகளுக்கு மட்டும் அந்த இடம் பிடிக்கும். அங்கே மேய்ந்த ஆட்டுக்கு எலும்பு கெட்டி என்று சைதாப்பேட்டை கசாப்புக்காரர்கள் தேடி வருவார்கள். ரோடு போடுகிறவர்களுக்கும் பிடிக்கும். அந்தக் கல்லைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மேலே நாலு வண்டி போனால் போதும், ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கெட்டித்துப்போகும்.

அந்த அடிவாரத்தில் ஜைதூன் பீக்கு ஒரு ஓட்டு வீடும், கொஞ்சம் ஆடுகளும், ஒரு கிணறும் இருந்தன. கணவர் நூர் முஹம்மது காலமாகிவிட்டார். ஒரே மகன் வலியுல்லா மாட்டு வண்டி வைத்திருந்தான். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து அங்கே புது நகர் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே போடுகிற தெருக்களுக்கு அடிவாரத்துச் சுக்கான் கல்லை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவது அவன் வேலை.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பலகையை உடைத்துக்கொண்டு தோண்டிய கிணறு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குடிக்க நன்றாக இருக்கும். கோடையிலும் வற்றியதில்லை. ஆனால் அதில் சோப்பு நுரைக்காது. திரிந்த பால் மாதிரி மிதக்கும். தலைக்கு ஊற்றினால் முடி பிசுக்குப் பிடித்துக்கொள்ளும். வெந்நீர்ப் பானைக்குள் முட்டை ஓடு போல வெள்ளையாய்ப் படியும். எல்லாவற்றுக்கும் மேலே, அதில் பருப்பு வேகாது. விறகெல்லாம் எரிந்து சாம்பலாகும், பருப்பு போட்ட மாதிரியே கிடக்கும்.

அதற்கு அந்த வீட்டுப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓட்டு விளிம்பில் தகரத்தை வளைத்துக் கட்டி, விழுகிற மழைத் தண்ணீரைப் பெரிய பெரிய மண் மிடாக்களில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, கொல்லைப்புறம் வரிசையாய் வைத்திருப்பார்கள். பருப்புக்கு அந்தத் தண்ணீர்தான். ஜைதூன் பீ மருமகளாய் வந்த அன்றே அவளுடைய மாமியார் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு மிடாவையும் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

அதை மறந்துவிடாதீர்கள். ஜைதூன் பீயும் மறக்கவில்லை.

வலியுல்லாவுக்கு மயிலாப்பூரில் பெண் எடுத்தார்கள். கச்சேரி ரோட்டுப் பக்கத்தில் தையற்கடை வைத்திருந்தவருடைய இளைய பெண், அஃப்சருன்னிசா. வந்து சில நாளிலேயே ஜைதூன் பீக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் சர்பத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தவள், முற்றத்துக் கல்லில் இரண்டு சொட்டு விழுந்ததும் துள்ளி எழுந்தாள்.

"மாமி! இங்க வந்து பாருங்களேன், கல்லு பொங்குது!"

சுண்ணாம்புக் கல்லில் புளிப்பு பட்டால் அப்படித்தான் நுரை கட்டும். அஃப்சர் இன்னொரு பாதிப் பழத்தை எடுத்துக்கொண்டு முற்றம் முழுக்க ஒவ்வொரு கல்லாய்ச் சொட்டுவிட்டுப் பார்த்தாள்.

"சர்பத்து எனக்கா, கல்லுக்கா?" என்றாள் ஜைதூன் பீ. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு எங்கே கோணிற்று என்றால், ஒரு கிண்ணம் ஷீர் குர்மாவில். பெருநாள் அன்று அஃப்சர் சேமியாவும் பாலும் முந்திரியும் போட்டு ஷீர் குர்மா செய்தாள். வலியுல்லா கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு, தாய் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் சொன்னான்.

"ம்மா, இத்தினி வருசம் நீ செஞ்சது இன்னான்னே தெரில. இதாம்மா ஷீர் குர்மா. மயிலாப்பூர் கை மயிலாப்பூர் கைதான்."

அவன் விளையாட்டாய்த்தான் சொன்னான். பக்கத்து வீட்டு லூயிசாவும் அப்போது அங்கே இருந்தாள். மலைமேல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். பங்குப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவள். அவள் வேறு "உன் கதை முடிஞ்சிது ஜைதூனம்மா" என்று சிரித்தாள். ஜைதூன் பீயும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

அஃப்சர் தாய் வீட்டிலிருந்து ஒரு பன்னீர் ரோஜாப் பதியன் கொண்டு வந்திருந்தாள். அதைக் கிணற்றடியில் நட்டாள். சில வாரத்தில் இலை வெளிற ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சையாய், மற்ற இடமெல்லாம் மஞ்சளாய். தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் மஞ்சளாயிற்று. ரோஜா வைப்பதானால் அந்த வெள்ளைப் பலகையை உடைத்துக் குழியெடுத்து, ஏரி வண்டலைப் போட்டு நிரப்பித்தான் வைக்க வேண்டும் என்று ஜைதூன் பீக்குத் தெரியும். அவளுடைய மல்லிகை அப்படித்தான் பிழைத்தது. சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. 'மயிலாப்பூர் கைதானே, பாத்துக்கட்டும்' என்று விட்டுவிட்டாள். செடி செத்தது. ஆட்டுப்பால் வாங்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, புதுப்பெண்ணுக்குக் கைராசி இல்லை போலிருக்கிறதே என்று பேசிக்கொண்டார்கள். அஃப்சர் காதில் அது விழுந்தது. ஜைதூன் பீ காதிலும் விழுந்தது. அவள் ஆட்டுக்குத் தழை அறுக்கப் போய்விட்டாள்.

அடுத்து, நூர் முஹம்மது இறந்த நாளுக்கு ஓதுகிற வருஷப் பாத்திஹா வந்தது. சொந்தபந்தமெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். நெய்ச்சோறும் தால்ச்சாவும். தால்ச்சா என்றால் பருப்பும் எலும்புக்கறியும் கத்தரிக்காயும் சேர்ந்து கரைந்து வழவழவென்று இருக்க வேண்டும். பருப்பு தனியாய்த் தெரிந்தால் அது தால்ச்சா இல்லை. அதுநாள் வரைக்கும் அந்த வீட்டில் பருப்பு வேகவைப்பது ஜைதூன் பீதான். அன்றைக்கு அஃப்சர் ஆசையாய், "தால்ச்சா நான் வெக்கிறேன் மாமி, நீங்க உக்காருங்க" என்றாள். கடலைப்பருப்பைக் களைந்து எடுத்துக்கொண்டு, பெரிய தேக்சாப் பாத்திரத்தோடு கொல்லைப்புறம் வந்து நின்று கேட்டாள்.

"மாமி, கெணத்துத் தண்ணியே இறைச்சுக்கட்டா?"

மிடாக்கள் அங்கேதான் இருந்தன, அவள் முதுகுக்குப் பின்னால். அவற்றில் தண்ணீரும் இருந்தது. ஜைதூன் பீ வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"உம்."

அந்த ஒரு 'உம்'தான், வேறொன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை அவள் கை தோற்கட்டும், மகன் ஒரு தடவை மூஞ்சியைச் சுளிக்கட்டும், அப்புறம் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

மௌலவி வந்தாயிற்று, பருப்பு வேகவில்லை. பாத்திஹா ஓதியாயிற்று, வேகவில்லை. அஃப்சர் அடுப்புக்குள் விறகைத் திணிக்கிறாள், கரண்டியால் மசிக்கிறாள், முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் புகை. இதற்குமேல் வந்தவர்களைக் காக்கவைக்க முடியாது என்று அப்படியே புளியை ஊற்றி இறக்கினார்கள். நாலு நாலு பேராய் ஒவ்வொரு சஹன் தட்டைச் சுற்றியும் உட்கார்ந்து முதல் கவளம் எடுத்தார்கள். நறுக் நறுக்கென்று சத்தம். வலியுல்லாவின் பெரியப்பா அக்பர் பாஷாவுக்கு அரைவாசிப் பல்தான் உண்டு. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா வலியுல்லா, லோடு ஏத்தும்போது ஒரு படி ஜல்லி சட்டியில வுழுந்துடுச்சா?"

கூடமே சிரித்தது. "மெதுவா மெல்லுங்க பாய், கீழ கொட்டினா ரோடு போட்ருவான்" என்றார் இன்னொருவர். வலியுல்லா சிரிக்கவில்லை. அப்பாவின் பாத்திஹாச் சோறு. எழுந்து சமையற்கட்டுக்கு வந்தான். அங்கே அக்பர் பாஷாவின் மனைவி ஏற்கனவே ஆரம்பித்திருந்தாள்.

"ரோஜா கருகிச்சுன்னாங்க. இப்ப பாத்திஹாச் சோறு கல்லாய்க்கீது. கைராசின்னு ஒண்ணு கீதும்மா. தொட்டது தொலங்காத கை."

"போ, உங்கம்மா வூட்டுக்குப் போயி பருப்பு வேக வெக்கக் கத்துக்கினு வா!" என்று கத்தினான் வலியுல்லா.

அஃப்சர் மாமியாரைப் பார்த்தாள். என்ன எதிர்பார்த்துப் பார்த்தாளோ. இப்போது சொன்னால் இத்தனை பேருக்கு முன்னால் தன் மானம் போகும் என்று ஜைதூன் பீக்குத் தோன்றிற்று. "போதும் வுடுங்க, ஆனது ஆச்சு" என்று மட்டும் சொன்னாள், ஏதோ பெரிய மனசோடு மன்னிக்கிறவள் மாதிரி.

கொஞ்ச நாளில் மயிலாப்பூரில் அஃப்சரின் அக்கா ஜஹீதாவுக்குப் பிரசவ வலி கண்டது. அஃப்சர் தாய் வீட்டுக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை.

கோபம் ஆறினதும் வந்துவிடுவாள் என்று ஜைதூன் பீ ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் லூயிசா பாலுக்குச் சொம்போடு வந்தவள், மிடா வரிசைக்கு எதிரே நின்றாள்.

"ஜைதூனம்மா, பாத்திஹா அன்னிக்கு இதெல்லாம் நெறைஞ்சுதான் இருந்துது."

"இருந்துச்சா?"

"நான் கை கழுவ வரசொல்லோ துணி எடுத்துப் பாத்தேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலியா நீ?"

"மறந்துட்டேன்" என்றாள் ஜைதூன் பீ.

லூயிசா பாலை வாங்கிக்கொண்டாள். "எங்களுக்குன்னா சாமியார்கிட்டப் போயி முட்டி போட்டு உள்ளதைச் சொல்லிட்டு வந்துடுவோம். நீங்க யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டாள். கேலியாய்க் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அல்லாகிட்ட தௌபா கேப்போம்."

"அவர் மன்னிச்சுருவாரா?"

"மனுசருக்குச் செஞ்சது அந்த மனுசர் மன்னிச்சாதான்" என்று சொல்லிவிட்டு ஜைதூன் பீ அங்கேயே நின்றுவிட்டாள். சின்ன வயசில் ஓதிக்கொடுத்தது அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் தொழுகையில் குனிந்தால்கூட அவளுக்கு நெற்றி தரையில் அமரவில்லை. பாயின் கீழிருந்து கல்லெல்லாம் குத்துகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாய் அதே தரையில் அதே பாயில்தானே தொழுதாள், அப்போதெல்லாம் குத்தவில்லை.

வலியுல்லா மாம்பலத்தில் லோடு இறக்கிவிட்டு, அப்படியே மயிலாப்பூர் போய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தான். மாட்டை அவிழ்க்காமலே வாசலில் உட்கார்ந்தான்.

"இன்னா சொன்னா?"

"என் மேல கோவம்னா கால்ல வுழுந்துடலாம்மா. கோவமே இல்ல. 'என் கை உங்க வூட்டுக்கு ஆவாது, வேற பொண்ணு பாருங்க'ன்றா. ஜஹீதா ஆபா கொழந்தைய வாங்கிக்கன்னு நீட்டுது, இவ ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கினு நவுந்து போறா. பொறந்ததுலேர்ந்து அதைத் தொடவே இல்லியாம். தொட்டா அதுக்கு எதுனா ஆயிடும்னு பயந்துக்கினு கீறா. மருதாணி இட்டுவிடச் சொன்னாகூட மாட்டேன்றாளாம்."

ஜைதூன் பீ கையிலிருந்த தழைக்கட்டு நழுவி விழுந்தது. தான் நினைத்தது ஒரு பெண்ணின் சமையல் தோற்கட்டும் என்று. அந்தப் பெண் தன் கையையே அறுத்துப் போட்டுவிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"நாளைக்கு லோடு போவசொல்லோ நானும் வரேன்" என்றாள்.

விடிந்ததும் அவள் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இறைத்தாள். கழுவிய வாழையிலையால் வாயை மூடிக் கட்டினாள். ஒரு முடிச்சில் கடலைப்பருப்பு. புர்காவைப் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏற்றியிருந்த சுக்கான் கல் மேல் கோணியை விரித்து உட்கார்ந்து, குடத்தை மடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"தண்ணி எதுக்கும்மா? மயிலாப்பூர்ல தண்ணியா இல்ல?"

"வண்டிய ஓட்டு."

கிண்டி தாண்டி, சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறி ஆற்றைக் கடக்கும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிற்று. குடம் தளும்பி அவள் மடி நனைந்தது. கல்லெல்லாம் கோணியைத் தாண்டிக் குத்திற்று. குத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். மாம்பலத்தில் வண்டி நின்றது. ஏரி இருந்த இடத்தில் புதுத் தெருக்கள், வரப்பு வரப்பாய். வெள்ளைக் கல்லை இறக்கினார்கள். அதற்கு அந்தப் பக்கம் தோண்டிப் போட்டிருந்த ஏரி வண்டல் கரேலென்று மலையாய்க் குவிந்திருந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலியுல்லா கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் அஃப்சரின் தாய் அன்வரி பேகம் வாசலிலேயே நின்றாள். "வாங்க சம்பந்தியம்மா" என்ற சொல்லில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. குடத்தைப் பார்த்தாள். "இது இன்னா, சீரா?"

"உள்ள வந்து சொல்றேன்."

கூடத்தில் ஜஹீதா பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். அஃப்சர் தூரத்துச் சுவரோரம், கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு. மாமியாரைக் கண்டதும் எழுந்து சலாம் சொன்னாள். கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை. இளைத்திருந்தாள்.

"எனக்கு ரெண்டு அடுப்பு வேணும், ரெண்டு சட்டி வேணும்" என்றாள் ஜைதூன் பீ.

அன்வரி பேகத்துக்குச் சுருக்கென்றது. "எம் பொண்ணுக்குச் சமையல் சொல்லிக்குடுக்க வந்தீங்களா? அவ பொறந்த வூட்ல பருப்பு நல்லாத்தான் வேவுது."

"அதுக்குத்தான் வந்தேன். அடுப்பக் குடுங்க."

இரண்டு அடுப்பு மூட்டினார்கள். ஒரு சட்டியில் மயிலாப்பூர்க் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் குடத்துத் தண்ணீர். ஜைதூன் பீ முடிச்சை அவிழ்த்துப் பருப்பைப் பாதியாய்ப் பிரித்தாள். ஒரு பாதியைத் தானே எடுத்துக் குடத்துத் தண்ணீரில் போட்டாள்.

"இந்தப் பாதிய நீ போடு, அஃப்சர்."

"வேணாம் மாமி. நான் தொட்டா உருப்படாது."

"போடும்மா."

"பாத்தீங்கல்ல அன்னிக்கு. எல்லாரும் பாத்தாங்கல்ல. என்னை வுட்ருங்க மாமி."

ஜஹீதா குழந்தையைத் தட்டிக்கொண்டே, "ஏய், பருப்புதானேடி, அது இன்னா அழுவப் போவுதா? போட்டுத் தொலை, எனக்குப் பசிக்குது" என்றாள். அஃப்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி பருப்பைச் சட்டியில் போட்டுவிட்டு, சுட்டுக்கொண்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு காத்திருந்தார்கள். இரண்டு அடுப்புக்கும் ஒரே விறகு, ஒரே தீ. குழந்தை பால் குடித்தது, விக்கிற்று, தூங்கிற்று. கொஞ்ச நேரத்தில் அஃப்சர் போட்ட சட்டியில் பருப்பு மலர ஆரம்பித்தது. அன்வரி பேகம் கரண்டியில் எடுத்து விரலால் அமுக்கினாள். வெண்ணெய் மாதிரி நசுங்கிற்று. மற்றச் சட்டியில் எடுத்து அமுக்கினாள். அது விரலிலிருந்து வழுக்கித் தெறித்துச் சுவரில் பட்டது.

"அட!" என்றாள் ஜஹீதா. "சம்பந்தியம்மா கையும் ராசியில்லாத கைதானா!"

யாரும் சிரிக்கவில்லை. அஃப்சர் மெல்லச் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். இரண்டு சட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள்.

"அந்த ஊரு கல்லுல எலுமிச்சம்பழம் பட்டா பொங்கும்மா" என்றாள் தாயிடம், தனக்குத்தானே பேசுகிறவள் போல. "சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு தண்ணில எறங்கிக்கீது. கையில இல்ல. தண்ணில." திரும்பினாள். "உங்களுக்கும் இப்பத்தான் தெரிஞ்சுதா மாமி?"

கண்ணுகளா, அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். மருமகள் அன்றைக்கே வண்டியேறியிருப்பாள். அந்தப் பெண்ணே பொய்யை எடுத்து, நன்றாய்த் துடைத்து, கையில் கொடுக்கிறாள். ஜைதூன் பீக்கு ஒரு நொடி அதை வாங்கிக்கொள்ளத் தோன்றியது.

"இல்ல" என்றாள். "எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். என் மாமியா எனக்கு வந்த அன்னிக்கே சொல்லிக்குடுத்துச்சு. மிடாவுல மழைத் தண்ணி இருந்துது. நீ கேட்ட. நான் உம்னேன்."



"ஏன்?" என்றாள் அஃப்சர்.

"எம்மவன் உன் கையப் புகழ்ந்தான். பொறுக்கல."

அன்வரி பேகம் எழுந்துவிட்டாள். "யா அல்லா! பெத்தவ மாதிரி பாத்துப்பேன்னு சொல்லிக் கூட்டிக்கினு போனீங்களே! எம் பொண்ணு ராத்திரியெல்லாம் கையப் பாத்துக்கினு அழுதாளே! இதைச் சொல்ல உங்களுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" இன்னும் என்னென்னவோ சொன்னாள். எல்லாம் நியாயமான சொல். ஜைதூன் பீ தலைகுனிந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்ற வலியுல்லா உள்ளே வரவில்லை. அவனுக்கும் எல்லாம் கேட்டிருக்கும்.

அஃப்சர் மட்டும் கத்தவில்லை. தாய் ஓய்ந்ததும் ஒன்று கேட்டாள்.

"என் ரோஜா?"

ஜைதூன் பீ அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள்.

"அதுவும் தெரியுமா மாமி?"

"தெரியும்."

பருப்பைவிட அதுதான் அவளை உடைத்தது. போய்க் கையைக் கழுவினாள், முழங்கை வரைக்கும், சோப்புப் போட்டு. நுரை வந்தது. துடைத்துக்கொண்டு வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். ஜஹீதா குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். அது ஒரு தடவை முகம் சுளித்து, கொட்டாவி விட்டு, மறுபடி தூங்கிற்று. அஃப்சர் அதன் உள்ளங்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் முதுகு குலுங்கியது.

அன்றைக்கு அவள் வரவில்லை. "வருவியாம்மா?" என்று கேட்க ஜைதூன் பீக்கு வாயும் வரவில்லை. காலிக் குடத்தோடு எழுந்தபோது அன்வரி பேகம் வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. அஃப்சர் மட்டும், தலையைத் தூக்காமல், "பாத்துப் போங்க மாமி" என்றாள்.

திரும்பும் வழியில் மாம்பலம் வந்ததும் ஜைதூன் பீ வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"வண்டி காலியாத்தானே போவுது? அந்தக் கருப்பு மண்ணு கொஞ்சம் அள்ளிப் போடு."

வலியுல்லா அவளைப் பார்த்தான். "சொல்லியிருக்கலாம்மா நீ" என்றான். இறங்கி மண்வெட்டியை எடுத்தான்.

மறுநாள் அவளே கடப்பாரையை எடுத்துக் கிணற்றடியில் குழி தோண்டினாள். மேல் கல் எளிதில் வந்தது. முழங்கால் ஆழத்தில் வெள்ளைப் பலகை நின்றது. மகன் கடப்பாரையைக் கேட்டான், கொடுக்கவில்லை. லூயிசா வேலியோரம் வந்து நின்றாள்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"மன்னிச்சாளா?"

"கேக்கல."

லூயிசா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, உடைந்த வெள்ளைத் துண்டுகளைக் குனிந்து பொறுக்கி அப்பால் போட்டாள். இரண்டு பேருமாய் வண்டலை நிரப்பினார்கள். வெளுத்த முற்றத்தில் அது ஒரு கறுத்த வட்டமாய்த் தனியாய்த் தெரிந்தது.

மழைக்காலம் பிறந்து, மிடாக்களில் தண்ணீர் சேர ஆரம்பித்த பிறகு ஒருநாள், வலியுல்லாவின் வண்டியில் அஃப்சர் வந்து இறங்கினாள். கையில் துணிமூட்டை மட்டும். கிணற்றடியில் நின்று கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள்.

"இது இன்னா மாமி?"

"மாம்பலத்து வண்டல். உன் ரோஜாக்கு."

"ரோஜா கொண்டாரலியே."

"அடுத்த தபா கொண்டா."

"பாக்கலாம்" என்றாள் அஃப்சர். அவ்வளவுதான் சொன்னாள்.

சாயங்காலம் பருப்பைக் களைந்து எடுத்துக்கொண்டு, தேக்சாவோடு கொல்லைப்புறம் போனாள். மிடாக்களுக்கும் கிணற்றுக்கும் நடுவே நின்று, சமையற்கட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமி, எந்தத் தண்ணி எடுக்கட்டும்?"

அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாய் யாருக்குத் தெரியும்? குத்திக்காட்டக் கேட்கிறாள் என்றும் சொல்ல முடியாது. குரலில் அப்படி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், ரோஜா வந்து, பூத்து, பிள்ளைகள் பிறந்து அந்தப் பூவைப் பறித்து விளையாடுகிற காலம் வரைக்கும், பருப்பு வைக்கிற நாளெல்லாம் அவள் அப்படி நின்று கேட்பாள். கேட்காமல் தண்ணீர் மொண்டதே இல்லை.

ஜைதூன் பீ கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து வருவாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்ல மாட்டாள். கொல்லைப்படி இறங்கி, அந்த வெள்ளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்து வந்து, மிடாவின் துணியைத் தானே அவிழ்த்துவிட்டுச் சொல்லுவாள்.

"இது கண்ணு. இந்தத் தண்ணி."